ஓல்டான் என்றால் நிறுத்து

இங்கே ராட்டர்டாமில் டிராம் கிளம்பும்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. கதவு மூடுகிறது, போய்விடுகிறது. "போலாம் ரைட்" என்று யாராவது கத்தினால்தான் வண்டி நகரும் என்று நம்பி வளர்ந்த எனக்கு இது இன்னும் பழகவில்லை. திருவொற்றியூர் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் லைன் பார்த்தவர் என் அப்பா. எந்த வண்டியில் எத்தனை பேர் ஏறுவது என்பது அவர் கையில். லைனுக்குப் புது ஆட்டோ வந்தால், முதல் சவாரிக்கு மூன்று பேருக்கு மேல் விடமாட்டார். நாலாவது ஆள் காலை வைத்தால் "ஓல்டான்!" என்று ஒரு சத்தம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து எண்ணூர் வரை போய் ஒழுங்காகத் திரும்பினால்தான் அடுத்த சவாரிக்கு ஐந்து பேர்.

"பேஜாரு பண்ணாத நைனா, வண்டி புச்சுதான?" என்பார் ஓட்டுபவர்.

"புச்சுன்றதாலதான் சொல்றேன்." அந்தக் கரகரத்த குரலுக்காக இங்கே எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

நான் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். ஒரு மருத்துவமனையின் முன்பதிவு இணையதளத்துக்கு மூன்று சர்வர்கள். வருகிறவர்களை அவற்றுக்குப் பங்கிட்டு அனுப்புகிறது லோட் பேலன்சர். போன மாதம் நாலாவது சர்வரைச் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்குத் தகுதிகாண் காலம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. வேலை நிரந்தரமானால்தான் ராயபுரத்திலிருக்கும் மனைவி ஸ்டெல்லாவையும் மகளையும் அழைத்துக்கொள்ள முடியும்.

நூற்றில் ஐந்து பேரை மட்டும் புதியதற்கு அனுப்பினோம். சமர்த்தாக வேலை செய்தது. எதிர் மேசையிலிருந்த அன்னெகா மெல்ல அளவைக் கூட்டினாள். பத்து, இருபது. அங்கே தொடங்கியது வினை. நோயாளிகள் தேதியைத் தேர்ந்தெடுத்தால் பக்கமே திறக்கவில்லை.

"ஓல்டான்! ஓல்டான்!" என்று கத்தினேன்.

அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஐம்பதாக்கினாள். நான் ஓடிப்போய் அவள் கீபோர்டைப் பிடுங்கிப் பூஜ்யமாக்கினேன். பழைய மூன்றும் சுமையை வாங்கிக்கொண்டன.

"நீதானே விடாதே, தொடர்ந்து செய் என்றாய்?" என்றாள் திகைத்துப்போய். டச்சில் 'ஹௌட் ஆன்' என்றால் அதுதானாம்! ஸ்டாண்டில் ஆளை நிறுத்திய சொல், இங்கே வண்டியை விரட்டிவிட்டது.

புதிய சர்வர் டேட்டாபேஸோடு வைத்துக்கொள்ளும் இணைப்புகளை நான் குறைவாக அமைத்திருந்தேன். ஐந்துக்குத் தாங்கியது இருபதுக்குத் தாங்கவில்லை. இணைப்பைக் குறைத்தது, அவளுக்குப் புரியாத சொல்லைக் கத்தியது என்று இரண்டு தப்பையும் மேலாளரிடம் ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதால் சில நிமிடங்களில் மீண்டோம் என்றார். அடுத்த வாரம் வேலையை நிரந்தரமாக்கினார்கள். உடனே ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன்.

"மொதல்ல மூணு மாசம் வந்து பாக்குறோம்" என்றாள். "புள்ளைக்கு ஒத்துக்கினா மிச்சத்த அப்பால பாக்கலாம். வூட்ட காலி பண்ண மாட்டேன்."

"எல்லாம் ரெடியா கீது ஸ்டெல்லா."

"நீ ரெடியா கீறே. நாங்க?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அலுவலகத்தில் நான் தினமும் பேசுகிற நியாயம்தான். இருந்தும் கோபம் வந்தது, போனை வைத்தபின் அழுதேன். மகளுக்கு வாங்கிய கட்டில் அட்டைப்பெட்டியோடு அறையில் நிற்கிறது. ராயபுரத்து பீரோவில் என் சட்டைகள் மடித்தபடி இருக்கின்றன. அவற்றை யாருக்கும் எடுத்துக் கொடுத்துவிடாதே என்று கிளம்பும்போது சொன்னவன் நான்தான்.