நடுக்கட்டைக்கு அந்தப் பக்கம்

சாலையைக் கடக்கும் முன் அபிதகுசாம்பாள் வலக்கையை மார்பு உயரத்துக்குத் தூக்கி, விரல்களை விரித்துக் காட்டுவாள். பாவு பிணைக்கிற கை அது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்ததும், அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பது அவள் வேலை. அதனால் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்திருக்கும். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் மடங்காமல் போனவள். வந்தவாசி பஸ் ஓட்டுநர்கள் அந்தக் கையைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பார்கள். பல வருஷம் அப்படித்தான் நடந்தது. அவள் வீடு சாலைக்கு வடக்கே. அவளைக் கூப்பிடும் தறிகளில் பாதிக்கு மேல் தெற்கே.

இரண்டாயிரத்து நான்கில் சாலையை அகலமாக்கி, நடுவில் முழங்கால் உயரத்துக்கு சிமென்ட் கட்டை எழுப்பினார்கள். மற்றவர்கள் அதை ஏறிக் குதித்தார்கள். அவளால் முடியவில்லை. இடைவெளி விட்டிருந்தது பெட்ரோல் பங்க் அருகேதான். அதுவரை நடந்து, சுற்றி, மறுபடி அதே தூரம் திரும்பி வருவதற்குள் கால் வீங்கிவிடும். குறுக்கே யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் பஸ்களும் பறந்தன. தெற்குத் தெருக்காரர்கள் சில நாள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். பிறகு வேறு ஆள் விசாரிக்கத் தொடங்கினார்கள். அது அவள் காதுக்கும் வந்தது.

தறிக்காரர் பாலுதான் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்கு அலைந்தார். தெருமுனையில் ஆள் கடக்க வழி விடவேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னவர்கள், எந்த நாள் தோது என்று கேட்டார்கள். பாலு யோசிக்காமல் அமாவாசையைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு எந்த வீட்டிலும் தறி ஓடாது. எல்லோரும் கூடி நின்று, வருகிறவரை மரியாதையாக வரவேற்கலாம் என்று நினைத்தார்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். இரு பக்கத்து ஜனமும் தலைமுழுகி, வெளுத்த வேட்டி சேலையில் வடக்கு ஓரமாகத் திரண்டிருந்தது. பாலு கொடுத்த கலர் சோடாவைக் குடித்துக்கொண்டே அவர் சாலையை வெகுநேரம் பார்த்தார்.

"குறுக்க ஒருத்தர்கூட போவலையேங்க?"

பாலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. "இன்னிக்கு அம்மாவாசை சார். நாளைக்கு வந்து பாருங்க, போய்கினும் வந்துகினும் இருப்போம்."

"பார்த்ததத்தான் நான் எழுத முடியும்."

பின்னால் நின்றிருந்த அபிதகுசாம்பாள் பங்க்கை நோக்கி நடக்கத் தொடங்கினாள். எதிர்ப் பக்கம் போய்ச் சேர ஒருத்திக்கு எவ்வளவு நேரமாகிறது என்று அவர் பார்க்கட்டும் என்பது அவள் எண்ணம். அது புரியாத பக்கத்து வீட்டுத் திலகவதி கூவினாள்.

"எங்க போற அபிதா? அம்மாவாசயில எந்தப் பேய் உன்னை பாவு பிணைக்கக் கூப்டுது?"

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பங்க்கைச் சுற்றி, தெற்கு ஓரமாக வந்து, தெருமுனைக்கு நேர் எதிரே நின்றபோது ஜீப் போய்விட்டிருந்தது. கட்டைக்கு அப்பால் பாலு மட்டும், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றிருந்தார்.

தெருமுனையில் இன்றுவரை வழி விடவில்லை. தெற்குத் தறிகளுக்கு இப்போது வேறொருத்தி பாவு பிணைக்கிறாள். அபிதகுசாம்பாள் வடக்குத் தெருவில் கூப்பிடுகிற வீடுகளுக்கு மட்டும் போய்வருகிறாள்.