அத்தை என்று கூப்பிட்டார்

யுத்தத்துக்கு முன்னால் கப்பல் வேலைக்குப் போன என் வீட்டுக்காரர், யுத்தம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்பினார். அத்தனை வருஷமும் திருவொற்றியூர் கடற்கரையில் கருவாடு காயவைத்துத்தான் என் மகளை வளர்த்தேன். பொழுதுக்கும் வெயிலில் நிற்பேன். தலையில் துணி போட்டதில்லை. பழைய சோறும் கருவாடும்தான் சாப்பாடு.

அவரைக் கூட்டிவரத் துறைமுக வாசலுக்குப் போனேன். நேரே என்னிடம்தான் வந்தார்.

"இன்னா அத்தே, நீ மட்டும் வந்துகீறே? உம் பொண்ணு வரலியா?" என்றார்.

என்னை என் அம்மா என்று நினைத்துவிட்டார்.

"அம்மா செத்துப் பூட்டாங்கய்யா. இது நான்தான்" என்றேன்.

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பிறகு தர்ம ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் முகத்தைக் காட்டினேன். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதுபோல வெயிலும் அடுப்புப் புகையும் தோலை அரித்துவிடும் என்றார்கள். நெல்லிக்காயும் கீரையும் பப்பாளியும் சாப்பிட்டால் கொஞ்சம் தடுக்குமாம்.

"போனது திரும்பாதும்மா. இருக்கிறதைக் காப்பாத்திக்கோ" என்றார்கள்.

இப்போது முக்காடு போட்டுக்கொள்கிறேன். நெல்லிக்காய் கிடைக்கிற நாளெல்லாம் தின்கிறேன். உச்சி வெயிலில் என்னோடு வேலை செய்யும் பெண்களையும் நிழலுக்குக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு காய் கொடுக்கிறேன்.

"இன்னாக்கா, எங்களுக்கு மறுபடி கண்ணாலம் பண்ணப் போறியா?" என்று சிரிக்கிறார்கள்.

நான் ஆளுக்கு இன்னொரு காயை நீட்டுகிறேன். அவர்கள் வீட்டுக்காரர்களும் கப்பலில்தான் இருக்கிறார்கள்.