பக்கத்து நாற்காலி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு நடந்தது இது. முடிக்கும்வரை சிரிக்காமல் கேட்டால் போதும்.

என் அண்ணன் துறவி. ஊர் ஊராகப் போகிறவர். போன நாளிலிருந்து வீட்டு வாசலை மிதித்ததில்லை. அம்மா இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். "அவனை ஒருதடவை கண்ணுல காட்டிடுடி" என்பது மட்டுமே அவள் கேட்டது. அவர் எங்கள் நகரத்தில் ஒரு சத்சங்கத்துக்கு வருகிறார் என்று தெரிந்ததும், கையோடு அழைத்து வரக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவுக்குத் துணை இருந்தாள்.

"சாமியாரைக் கூட்டிட்டு வரப்போய் நீயும் காவி கட்டிட்டு வந்துடாதடி" என்று சிரித்தாள்.

மண்டப வாசலில், செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"வயசானவங்களை இப்படியா வெறுங்காலோட கூட்டிட்டு வருவீங்க?"

திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை.

உள்ளே ஒரு தொண்டர் பெண் எனக்கு நாற்காலி போட்டாள். பக்கத்தில் இன்னொன்றும் போட்டாள்.

"ஒண்ணு போதுங்க."

"அப்ப அம்மா நிக்கட்டுமா?"

எந்த அம்மா என்று கேட்பதற்குள் போய்விட்டாள்.

அண்ணன் வந்தார். வரிசையாக ஒவ்வொருவரிடமும் நின்று கைகூப்பினார். எல்லோரையும் விசாரித்த அதே குரலில் என்னையும் கேட்டார். "நல்லா இருக்கீங்களா?"



அடுத்த நாற்காலிக்குத் திரும்பினார். காலி நாற்காலி...

அப்படியே தரையில் விழுந்தார். நெடுஞ்சாண்கிடையாக.

மண்டபம் அடங்கிப்போனது.

"சாமி யார் கால்லயும் விழமாட்டாரே..." என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"பெத்தவ கால்ல விழலாம்" என்றது பின்னால் ஒரு குரல்.



"அண்ணா... அம்மாவுக்கு முடியல. வீட்டுக்கு வாண்ணா. ஒரே தடவை."

எழுந்தார். கண் நிறைந்திருந்தது.

"அம்மாவை இங்கயே கூட்டிட்டு வந்துட்டு, வீட்டுக்குக் கூப்பிடறியே."

கைப்பேசி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா.

"நீ தெருமுனை திரும்பறதுக்குள்ள போயிட்டாங்கடி... அப்போலருந்து கூப்பிடறேன், லைனே கிடைக்கல..."

நாற்காலியைப் பார்த்தேன்.

எவ்வளவு பார்த்தும் நாற்காலிதான் தெரிந்தது.

பயம் சில நாளில் விட்டது. வேறொன்று விடவில்லை. செருப்புக்காரர் பார்த்தார். தொண்டர் பார்த்தாள். அண்ணன் பார்த்தார். இரண்டு வருடம் பீ மூத்திரம் அள்ளிய எனக்கு மட்டும் அவள் முகம் காட்டவில்லை. மகனைப் பார்க்க வந்தவள். இருக்கட்டும்.

ஒரு நாள் பேருந்தில் ஒரு பெண்மணி என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று எனக்குப் பின்வரிசையில் இருந்தவளாம்.

"உங்கம்மா சுகமா?"

முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க ஃபோனை வச்சுட்டு அழுதீங்களே... சாமி எதிர்லயே நிக்கிறார், அவங்க அவரைப் பாக்கவே இல்ல. உங்க தலையைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. வாசல் வரைக்கும்..."

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எழுந்தாள்.

"நீங்கதான் திரும்பியே பாக்கல."