புளி போட்டுத் தேய்த்த காசு

வாஷிங் மெஷின் வாங்கி வரச் சொல்லி அனுப்பினால், மனுஷன் ஒரு நீளக் கம்பியும் அதன் முனையில் தோசைக்கல் மாதிரி ஒரு வட்டமுமாக வந்து நிற்கிறார்.

நாங்கள் இருந்த ஓமான் நாட்டுச் சலாலாவில் அப்போதெல்லாம் யாராவது வேலை முடிந்து ஊரைக் காலி செய்தால், கட்டில் முதல் கரண்டி வரை வீட்டு வாசலிலேயே விற்றுவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். அப்படி ஒரு வெள்ளைக்காரர் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாஷிங் மெஷின் புதுசு போல இருக்கிறது, யாரும் கொத்திக்கொண்டு போவதற்குள் போங்கள் என்று நான்தான் விரட்டினேன்.

"மெஷின் எங்கங்க?"

"இதுவும் மெஷின்தான். மெட்டல் டிடெக்டர். மண்ணுக்கடியில எந்த உலோகம் இருந்தாலும் சத்தம் போட்டுச் சொல்லிடும்."

"உங்க சட்டைக் காலர் அழுக்கை எடுக்குமா?"

அதற்குள் அவர் ஹாலில் அதை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். என் வளையலைப் பார்த்துக் கத்தியது, காஸ் சிலிண்டரைப் பார்த்துக் கத்தியது. சோபாவுக்கு அடியில் நுழைந்து கத்தியபோது, போன வருஷம் தொலைந்து நான் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேனே, அந்தத் தோட்டின் திருகாணி அங்கே கிடந்தது. என்ன சொல்வது, என் கோபம் அந்த நிமிஷமே பல்லைக் காட்டிவிட்டது. துணியைக் கையால் துவைக்கவும் துணிந்துவிட்டேன்.

அதற்கப்புறம் எங்கள் வெள்ளிக்கிழமைகளே மாறிப்போயின. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் பராமரிக்கும் என்ஜினீயர். வாரமெல்லாம் கிரீஸும் வியர்வையுமாக வந்து சோபாவில் விழுகிறவர், வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு முன்னால் குளித்துவிட்டு நிற்பார். கடற்கரையில் அவர் முன்னால், மூன்றாம் வகுப்பு படித்த எங்கள் மகள் பிளாஸ்டிக் மண்வெட்டியோடு அவர் பின்னால், அவளுக்குப் பின்னால் புளியோதரைத் தூக்குடன் நான். கம்பி கத்தியதும் மூவரும் கத்துவோம். தோண்டினால் பெப்சி டின்னின் மூடி. அடுத்து ஆணி. அடுத்து முள்கரண்டி. அந்த முள்கரண்டியை ஏதோ கிரீடம் கிடைத்தது போலக் கழுவி, வீட்டு ஷோகேஸில் வைத்திருந்தார்.

அந்த வருஷம் சாரல் சீக்கிரமே வந்துவிட்டது. வளைகுடா முழுக்க அடுப்பாகக் கொதிக்கும்போது சலாலாவில் மட்டும் மலையெல்லாம் பச்சை பிடித்து, தூறல் விழும். நனைவதற்கென்றே துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் வாழைத்தார் தொங்கும். அந்தப் பொடித் தூறலில் எங்கள் மூவருக்குமே கொஞ்சம் கிறுக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அவர் வண்டியைக் கடற்கரைக்கு விடாமல், ஊருக்கு வெளியே ஒரு மேட்டுக்கு விட்டார். கீழே கடல் உள்ளே புகுந்த ஒரு சின்னக் கழி. மேட்டின் மேல் இடிந்த சுவர் வரிசை, முழங்கால் உயரம்கூட இல்லை. கால் வைத்த இடமெல்லாம் உடைந்த பானை ஓடு.

"ஏங்க, இது பழைய ஊரு மாதிரி இருக்கே. இங்கெல்லாம் தோண்டலாமா?"

"வேலி இருக்கா? இல்ல. போர்டு இருக்கா? இல்ல. அப்புறம் என்ன?"

"நம்ம ஊர்ல இடிஞ்ச கோயிலுக்குக்கூடத்தான் வேலி இல்ல. அங்க எவனாவது வந்து தோண்டினா விடுவீங்களா?"

அவர் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"இந்தக் கரைக்கு அந்தக் காலத்துலயே நம்ம ஊர்க் கப்பல் வந்துச்சாம். சாம்பிராணி வாங்க. கப்பல் வந்தா ஆளும் வந்திருப்பான்ல? மதுரையில வீடு வாசலை விட்டுட்டு, பொண்டாட்டியையும் இழுத்துட்டு, இந்தப் பொட்டல்ல வந்து உக்காந்த மொத முட்டாள் நான் இல்லன்னு எனக்குத் தெரியணும். எனக்கு முன்னாடி ஒருத்தன் இங்க டூட்டி பாத்திருக்கணும். அவன் ஒரே ஒரு காசைக் கீழ போட்டிருந்தாப் போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கேட்ட பிறகு தடுக்க எனக்கு மனசு வரவில்லை. போங்கள், என்னவோ செய்யுங்கள் என்று விட்டுவிட்டேன்.

அவர் மேட்டின் மறுபக்கம் போனதும் மகள் போரடிக்கிறது என்று சிணுங்கினாள். சரி வாடி என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈர மண்ணில் குச்சியால் எட்டுக் கட்டம் கிழித்தேன். பாவம், அந்தப் பெண்ணுக்குப் பாண்டி ஆடத் தெரியாது. சில்லுக்கா பஞ்சம் அங்கே! பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்து, மெல்லிசாக, கருத்த சாம்பல் நிறத்தில், உள்பக்கம் வட்ட வட்டமாகப் பொடிப்புள்ளி வைத்த ஒன்றை எடுத்தேன். ஓரம் கூராக இருந்தது, பாறையில் நாலு தேய் தேய்த்து உருட்டினேன். அப்படி ஒரு சில்லு மதுரையில் எனக்குக் கிடைத்திருந்தால் எங்கள் தெருவையே ஜெயித்திருப்பேன்.

தலையில் சில்லை வைத்து, கண்ணை மூடி, "ரைட்டா?" என்று கேட்டுக் கேட்டு நடந்தேன்.

"நோ, அம்மா! யூ ஆர் சீட்டிங்! கண்ணு ஓப்பனா இருக்கு!"

இரண்டு கட்டத்தை ஜெயித்துப் பழம் வைத்திருந்தேன். அப்போதுதான் மறுபக்கத்திலிருந்து கம்பி கத்தியது. அதைவிட உரக்க அவர் கத்தினார். சில்லைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினோம்.

குழிக்குள் மண்டிபோட்டிருந்தார். உள்ளங்கையில் ஒரு பச்சை வில்லை, பாசி பிடித்த கொட்டைப்பாக்கு அளவில்.

"வாலைப் பாரு, வால்! மீன் வால்! பாண்டியன் காசுடீ!"

"எனக்கு ஆஞ்சநேயர் வால் மாதிரி தெரியுது."

"போடி" என்றவர், அந்தத் தூறலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டார் பாருங்கள். மகளும் ஆடினாள். நானும்தான் ஆடினேன். கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு முகம் அவருக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து உடம்பு காய்ந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதைவிட, மனசு ஒப்பவில்லை. அந்த வாரம் பூராவும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ, சண்டை எரிந்தது.

"ஊரான் பொருளுங்க அது. கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

"நான் என்ன விக்கவா போறேன்? ஷோகேஸ்ல வச்சுப் பாக்கப்போறேன்."

"நம்ம கோயில் சிலையைத் தூக்கிட்டுப் போனவனும் ஷோகேஸ்லதான் வச்சிருக்கான். அதைப் பேப்பர்ல படிச்சுட்டு நீங்க என்னா குதி குதிச்சீங்க? அவன் கள்ளன், நீங்க பாண்டிய ராஜாவா?"

அதற்கு அவர் மோர் கேட்டார். பதில் இல்லாதபோது அவர் மோர் கேட்பார். நான் கொடுக்கவில்லை. கடைசியில், மியூசியத்தில் காட்டினால் அது யார் காசு என்றாவது சொல்வார்களே என்று நான் தூண்டில் போட்டதும் மசிந்தார்.

போக வேண்டிய நாளன்று காலை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து பார்க்கிறேன். சமையலறைத் தொட்டியில் என் புளி ஜாடி திறந்து கிடக்கிறது. பக்கத்தில் உப்பு, கம்பி நார். என் வீட்டுக்காரர் கார்த்திகைக்குக் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி, நாக்கைத் துருத்திக்கொண்டு தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க!"

"கவர்மெண்ட் ஆபீஸுக்கு அழுக்கோடயா கொண்டுபோறது? மரியாதையா இருக்க வேண்டாமா? மீனும் தெளிவாத் தெரியும்ல."

காசு பளபளவென்று மின்னியது. மீன் இல்லை. வால் இல்லை. ஆஞ்சநேயரும் இல்லை. இருபுறமும் வழுவழுவென்று, பொட்டு வைக்கலாம் போல இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். வண்டியில் போகும் வழியெல்லாம் சொன்னேன். அறிவிருக்கா, படிச்ச மனுஷனா, ஒரு பழைய பொருளை எப்படித் தொடணும்னு தெரிய வேண்டாமா என்று சிக்னலுக்குச் சிக்னல் சொன்னேன்.

மியூசியத்தில் எங்களை உட்காரவைத்த அதிகாரி சின்ன வயது ஓமானி. வெள்ளை அங்கி, பூவேலைத் தொப்பி. காவா என்கிற அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் வந்தன. நான் கைவிலங்கு வரும் என்று நினைத்திருந்தேன். அவர் ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். காசைப் பார்த்தார். முகர்ந்தார்.

"பாயி, இது என்ன வாசனை?"

"புளி" என்றார் என் வீட்டுக்காரர், ரசத்தைப் பற்றிக் கேட்டது போல.

அதிகாரி சிரித்தார், பிறகு தலையில் கை வைத்தார். செம்பு எப்போதோ அந்தப் பச்சையாகவே மாறியிருக்கும், எழுத்தோ உருவமோ இருந்தால் அது அந்தப் பச்சையில்தான் இருந்திருக்கும், நீங்கள் அதையும் சேர்த்துக் கழுவிவிட்டீர்கள் என்றார். இனி இது யார் காசு என்று யாராலும் சொல்ல முடியாது. கலாஸ், முடிந்தது. பழைய இடங்களுக்கு அந்தக் கம்பியைக் கொண்டுபோவதே சட்டப்படி குற்றம், நீங்களாக வந்ததால் இத்தோடு விடுகிறேன் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்னேன்ல என்கிற முகத்தை வைத்திருந்தேன்.

"காசு போகட்டும். குழியில் பானை ஓடு ஏதாவது பார்த்தீர்களா? எங்களுக்குக் காசைவிட அதுதான் பேசும். உங்கள் கம்பிக்கு அது கேட்காது."

ஓடா? என் கை தானாகக் கைப்பைக்குள் போனது. வாரமெல்லாம் பிளாட் வராந்தாவில் மகளோடு ஆடிய சில்லு, குடைக்கும் கர்சீப்புக்கும் நடுவில் கிடந்தது. மேசைமேல் வைத்தேன்.

அதிகாரி அதை ஜன்னலோரம் கொண்டுபோய், லென்ஸ் வைத்து, அந்தப் பொடிப்புள்ளிகளை விரலால் தடவினார்.

"சிஸ்டர், இது இங்கே செய்ததில்லை. உங்கள் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கப்பலில் வந்த தட்டு. யாரோ சாப்பிட்ட தட்டு."

என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப நம்ம ஆளு வந்திருக்கான்! வந்திருக்கான்ல?"

"இது எந்த இடத்தில் கிடந்தது? அடுப்படியிலா, கிடங்கிலா? அடுப்படிச் சாம்பலில் கிடந்திருந்தால், உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இங்கே பொங்கித் தின்று வாழ்ந்திருக்கலாம் என்று தேடிப் பார்ப்பேன். கிடங்கு என்றால் வெறும் சரக்கு. தட்டு மட்டும் வந்திருக்கும்." அவர் ஓரத்தைத் தடவினார். "இதை யார் தேய்த்தது?"

எங்கே எடுத்தேன்? கட்டம் கிழித்த இடத்துக்குப் பக்கமா, சுவருக்குப் பக்கமா? ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. நல்ல சில்லா என்று பார்த்தேனே தவிர, எங்கே கிடந்தது என்று எவள் பார்த்தாள்? தெரியாது என்பதற்கு "மாலும் நஹி" என்றேன். என் ஹிந்தி எனக்கே கேட்கவில்லை.

"அப்படியென்றால் தட்டு வந்தது. ஆள் வந்தாரா என்று எனக்குத் தெரியாது" என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். காசையும் சில்லையும் அங்கேயே கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தும் அவர் சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியில் தூறல் பிடித்திருந்தது. சிக்னலுக்குச் சிக்னல் நான் திட்டியதெல்லாம் இப்போது எனக்குத் திரும்பி வரும், வரட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

"ஏங்க, அந்த ஆளு வந்தானா இல்லையான்னு இனிமே தெரியவே தெரியாதுல்ல? என்னாலதான?"

"ஏய், எதுக்குடி அழுவுற?" என்று என் பக்கம் திரும்பினார். அவர் வாயோரம் துடித்துக்கொண்டிருந்தது. அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று தெரியவில்லை.

"அவன் வந்தானான்னு தெரியல. ஆனா அவன் சாப்பிட்ட தட்டு ஒடைஞ்சிருக்கு பாரு, அதை ஒடைச்சவ கண்டிப்பா அவன் பொண்டாட்டிதான்."