வலப்பக்கம் சாய்ந்த எழுத்து

அக்காவுக்கு இடப்பக்க மேல் கடைவாய்ப் பற்களை ஒரே நாளில் பிடுங்க வேண்டியதாயிற்று. பல் செட் செய்யும் கூடத்தில் ஊர்ப்பட்ட பேருக்குப் பல் வடித்துக் கொடுப்பவள் அவள்.

“சொந்த வாயைக் கோட்டை விட்டுட்டியே” என்று மச்சான் கேலி செய்தார். அவள் சிரிக்கவில்லை.

அவள் கவலை சாப்பாட்டைப் பற்றியதல்ல. அரபியில் ‘ளாத்’ என்று ஓர் எழுத்து உண்டு. நாக்கின் ஓரத்தை மேல் கடைவாய்ப் பற்களில் சாய்த்து எழுப்பும் கனத்த ஒலி. எங்கள் வீட்டில் எல்லோரும் அதை வெறும் ‘ல’வாக்கி ஓதிக் கடந்துவிடுவோம். கல்யாணத்துக்குப் பிறகு குர்ஆன் வகுப்புக்குப் போய், நாக்கைப் பழக்கி, அந்த ஒலியைப் பிடித்தவள் அக்கா மட்டும்தான். அவள் ஓதினால் கனமான திரைச்சீலை காற்றில் அசைவதுபோல் இருக்கும்.

இப்போது நாக்கு சாயப் போன இடத்தில் சுவரைக் காணோம்.

“வலப்பக்கம் சாய்ச்சுப் பாருங்கக்கா. அதுவும் சரிதான், கொஞ்சம் கஷ்டம்” என்றார் வகுப்பு டீச்சர். அக்காவைவிட இளையவர்.

நாக்கு கேட்டால்தானே. வேலையில், பல் அச்சு வார்க்கும் மாவின் தூசி மிதக்கும் வெளிச்சத்தில், யாருடையதோ ஒரு மேல்தாடை அச்சைக் கையில் வைத்துக்கொண்டு வலப்பக்கப் பற்களை விரலால் தடவுவாளாம். முகக்கவசத்துக்குள் முணுமுணுப்பு.

“யாரோட பேசுறீங்க?” என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள்.

“என் நாக்கோட.”

ஒரு விடுமுறை மதியம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். ஜன்னல் வெயில் தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பாயில் கண்ணயர்ந்திருந்த அக்கா, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில், தொழுகையில் ஓதும் முதல் அத்தியாயத்தை ஓதினாள். கடைசிச் சொல்லில் அந்த எழுத்து, தண்ணீருக்குள்ளிருந்து எழுவதுபோல், முழுசாக வந்தது.

“அக்கா, வந்துருச்சு.”

“எது?” எழுந்து உட்கார்ந்து முயன்றாள். வரவில்லை. “நான்தான் ஓதினேனா?”

“நீதான். அழுத்தாம ஓதின.”

மறுபடி படுத்துக் கண்ணை மூடினாள். தாடை தளர்ந்தது. நாக்கை அதன் போக்கில் விட்டாள். வெகுநேரம் கழித்து அது வலப்பக்கமாகப் போய்ச் சாய, எழுத்து மறுபடி வந்தது. மூடிய கண்ணோரம் ஈரம்.

இப்போதெல்லாம் அவள் ஓதத் தொடங்கினால் மச்சான் குழாயை மூடிவிட்டுக் கேட்கிறார். அந்த ஒலி முன்போல் இல்லை, கொஞ்சம் தள்ளி, பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருக்கிறது என்கிறார். எனக்கோ இந்த ஒலிதான் பிடித்திருக்கிறது.