சரஸ்வதிக்கு முன்னால் ஒரு பெட்டி

ஊர்காவற்றுறையில் நண்டு வாங்கி அனுப்பும் கம்பனி ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நவராத்திரி முடியப்போகிற ஒரு காலை, பஸ்ஸால் இறங்கி உள்ளே போனால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். ஒரு கணினியிலும் ஒன்றும் திறக்கவில்லையாம். வாசலில் கொழும்பு லொறி நண்டோடு நிற்கிறது. சீட்டு இல்லாமல் அது நகராது. கிடங்குக் கணினி திறக்காமல் சீட்டு அச்சாகாது.

"ஐஸ் கரையுது தங்கச்சி," என்றார் லொறி அண்ணை. "நண்டு நாறினா ஆர் வாங்குவினம்?"

கிடங்குக் கணினியை அதன் எண்ணால் கூப்பிட்டுப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. பெயரால் கூப்பிட்டால் மூச்சில்லை. எனக்கு ஒரே குஷி, நோய் பிடிபட்டுவிட்டதே! கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் தேடிப் போகும். நாம் ஒரு பெயரைத் தட்டினால், அதற்குரிய எண் என்ன என்று மூலையில் இருக்கும் சின்னப் பெட்டியிடம்தான் கேட்கும். தெரிந்தால் அது சொல்லும், தெரியாவிட்டால் வெளியே விசாரித்துச் சொல்லும். எங்கள் கந்தோரில் கேட்பதற்கு அதைவிட்டால் ஆளில்லை. மூலைக்கு ஓடினேன். பெட்டியைக் காணவில்லை.

"பெட்டி எங்கை அக்கா?"

மனேச்சர் அக்கா முன்னறையைக் காட்டினார். கும்பம், முளைவிட்ட நவதானியம், பேனைகள், நண்டு நிறுக்கும் படிக்கல். நடுவில் என் பெட்டி, சந்தனப் பொட்டும் செவ்வரத்தம் பூவுமாக.

"எல்லாரும் இதிட்டைத்தான் கேக்கினம், இதுதான் சொல்லிக் குடுக்குது எண்டு நீர்தானே சொன்னனீர். அப்ப சரஸ்வதிக்கு முன்னாலை வேறை எதை வைக்கிறது?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் வைத்திருப்பேன்.

"எடுக்கட்டே அக்கா?"

"வச்சதை விசயதசமிக்கு முன்னம் எடுக்க ஏலாது." சொல்லிவிட்டு லொறியைப் பார்த்தார். அதன் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த லோட்டுக்கு அவர்தான் பொறுப்பு.

"எடுக்க வேண்டாம். இருந்த இடத்திலையே ஓடட்டும். நான் வயரைக் கொண்டு வாறன்."

அக்கா யோசித்தார். "ஓம், அது தன்ரை பாட்டிலை பதில் சொல்லட்டும். நாங்கள் இடத்தை விட்டு அரக்கேல்லைத்தானே."

பெட்டிக்கு முன்னறைச் சுவரிலிருந்தே கரண்ட் கொடுத்தேன். இருந்ததிலேயே நீளமான வயரை மூலையிலிருந்து கதவுக்குக் கீழால் இழுத்து, விளக்கைச் சுற்றி, வாழைப்பழச் சீப்புக்குப் பின்னால் விட்டுப் பெட்டியில் குத்தினேன். பச்சை விளக்கு மினுங்கியது. எனக்கு அங்கேயே துள்ள வேண்டும்போல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து, "வந்திட்டுது!" என்று குரல் கேட்டது. பிறின்டர் இரைந்தது.

லொறி அண்ணை சீட்டை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். "தாயே, கொழும்பு மட்டும் ஐஸ் நிண்டாலே காணும், வேறையொண்டும் வேண்டாம்."

மறுநாள் காலை கொழும்பிலிருந்து போன் வந்தது. ஒரு நண்டும் கழிவில்லையாம், முழு லோட்டையும் எடுத்துவிட்டார்களாம். அக்கா போனை வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு முன்னறைக்குப் போய்ப் பெட்டிக்குப் புதுப் பூ வைத்தார்.