அம்மை போட்ட வீட்டில் நிறுத்திய மாத்திரை

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். போதாததற்கு, ஊரில் நான் வாயைத் திறந்தாலே கேலி என்று சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனாலும் இருக்கன்குடி மாரியாத்தாளிடம் நாலு பேருக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை முத்துமாரிக்குப் பத்து வயதிலிருந்து வலிப்பு. மதுரையில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். வலிப்பு நின்றது. ஆனால் ஈறு தடித்துப் பல்லை மூடியது. நடந்தால் தள்ளாடினாள். தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கும்போதே தூங்கி விழுந்தாள்.

"ஏ புள்ள, விடியுமுன்னயே சாராயமா?" என்பேன்.

"ஒனக்கும் ஒரு கிளாஸ் வச்சிருக்கேன், குடி" என்பாள்.

கேலி செய்யத் தெரிந்த எனக்கு, இதை டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

போன பங்குனியில் அவளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினோம். அம்மை போட்ட வீட்டில் மருந்து ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அம்மா வலிப்பு மாத்திரைச் சீசாவையும் எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள். நானும் பேசாமல்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வலிப்பு வந்தது. நின்றது. கண் திறப்பதற்குள் மறுபடி வந்தது. அப்புறம் மறுபடியும். உடம்பெல்லாம் முத்து, வாயில் நுரை. அவளைப் பிடிக்கவும் பயம், விடவும் பயம்.

"எம்மா, மாத்திரைய நிறுத்துனதுதான் காரணம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்."

"ஆத்தா வந்து இறங்கியிருக்கா. இவளத் தூக்கிப் படி தாண்டினா கோவிச்சுக்கிருவாலே. ஒனக்கு இதுலயும் வெளையாட்டா?"

விளையாட்டில்லை என்று அழுதேன். அம்மா நம்பவில்லை. அழுவது போல நடித்து எத்தனை தடவை அவளை ஏமாற்றியிருக்கிறேன்! என் கண்ணீருக்கு என் வீட்டிலேயே மதிப்பில்லை. ஆத்தாள் படத்துக்கு முன்னால் விழுந்தேன்.

"நான் சொன்னா நம்பமாட்டேங்காக. நீயே சொல்லு தாயே. இவ பொழச்சா நாலு பேருக்குச் சொல்லுதேன்."

அதற்கு மேல் வேண்டத் தெரியவில்லை. தலையைத் தூக்கியபோது படத்துக்குச் சாத்தியிருந்த பூ கண்ணில் பட்டது.

"எம்மா, பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா ஆஸ்பத்திரி. செவப்பு வந்தா நான் வாயே தெறக்கல."

அம்மா தலையாட்டினாள்.

உள்ளதைச் சொல்கிறேன். இரண்டு இலையிலும் வெள்ளையையே மடிக்கத்தான் என் கை போனது. முடியவில்லை. ஆத்தாளிடமே கேட்டுவிட்டு அவளையே ஏமாற்றுவதா? ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி மடித்துக் குலுக்கிப் போட்டேன். அம்மா ஒன்றை எடுத்தாள். பிரித்தாள்.

வெள்ளை.

தெருமுனையில் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டிருந்த லாரியை மறித்தேன். சாத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் வலிப்பு நின்றது.

"மாத்திரையை யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்றார் டாக்டர்.

"அம்மை போட்டிருக்கு அய்யா. மருந்து ஆகாதுல்ல?"

"வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா."

நான் தள்ளாட்டத்தையும் ஈறையும் பற்றிச் சொன்னேன். "இதை முன்னாடியே வந்து சொல்லக் கூடாதாப்பா?" என்று கேட்டு, மாத்திரையை மறுபடி தொடங்கி, பிறகு அளவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்தார். இரண்டு நாள் கழித்து முத்துமாரி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். நான் கேலி பேச வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டுத் தம்ளரை அவள் வாயருகே பிடித்தேன்.

இப்போது நேராக நடக்கிறாள். ஈறு மட்டும் இன்னும் முழுதாக வற்றவில்லை. மாத்திரைச் சீசா ஆத்தாள் படத்துக்குக் கீழேயே இருக்கிறது. அன்பானவர்களே, ஆத்தாளை நம்பிக் கேளுங்கள். அவள் மருந்துக்கு எதிரியில்லை.

எழுதி முடித்து, பட்டாசுக் கம்பெனியில் என்னோடு திரி வெட்டும் கருப்பசாமியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை சிரிக்காமல் கேட்டான். பிறகு சொன்னான்:

"அச்சுக்குக் குடுலே, ஆனா ஒம் பேரப் போட்டுறாத, ஊருல ஒருத்தனும் நம்பமாட்டான்."